சின்ன விமானம், குறுகிய தூரம், கூடுதல் கட்டணம்: பிராந்திய விமான நிறுவனங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

19 முதல் நூறு வரை இருக்கைகள் உள்ள விமானங்களை ஓட்டிப் பிழைக்கும் நிறுவனங்களைப் பற்றியது இது. டிக்கெட் ஏன் இந்த விலை, இந்த ஊருக்கு ஏன் விமானம் இல்லை, இருந்ததை ஏன் நிறுத்தினார்கள் என்று பயணிகள் கேட்பவை பாதி. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பவை மீதி.

பிராந்திய விமான நிறுவனம் என்று எதைச் சொல்கிறோம்?

நடைமுறையில் மூன்று அடையாளங்கள்: ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம், நூறுக்கு உள்பட்ட இருக்கைகள், ஒரு முனையிலாவது சிறிய ஊர்.

பிழைக்கும் வழியில் இரண்டு ரகம் உண்டு. சொந்தப் பெயரில் டிக்கெட் விற்று லாப நட்டத்தைத் தானே சுமப்பது ஒன்று. நார்வேயின் விடரோ, ஸ்காட்லாந்தின் லோகன்ஏர், கேனரித் தீவுகளின் பின்டர் எல்லாம் இப்படி. இன்னொன்று, பெரிய நிறுவனம் ஒன்றுக்காக ஒப்பந்தத்தில் பறப்பது. அமெரிக்காவில் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் ஆகியவற்றின் வண்ணம் பூசி நிற்கும் சிறு ஜெட்களில் பலவற்றை ஓட்டுவது ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக் போன்ற வேறு நிறுவனங்கள். அங்கே கால அட்டவணை, கட்டணம், எரிபொருள் செலவு மூன்றும் பெரியவர் பொறுப்பு. ஓட்டுபவருக்குப் பறந்த மணிக்கு இவ்வளவு, போய் இறங்கிய பயணத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. இருக்கை காலியாகப் போனாலும் அவருக்குக் காசு வரும், நிரம்பி வழிந்தாலும் கூடுதலாக எதுவும் வராது.

கட்டணம் என்ற தலைவலி முதல் ரகத்துக்குத்தான். அதனால் கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அவர்களைப் பற்றியவை.

எத்தனை இருக்கை உள்ள விமானம் வாங்குவது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

பயணிகள் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் என்று சொல்லத் தோன்றும். அந்தக் கணக்குக்கு முன்பே விதிகள் வந்து நின்றுவிடுகின்றன.

19 இருக்கை வரை விமானப் பணியாளர் தேவையில்லை. இருபதாவது இருக்கை வந்தால் ஒருவர் வேண்டும். ஐம்பதைத் தாண்டினால் இரண்டாமவர். ட்வின் ஆட்டர், டோர்னியர் 228, பீச் 1900 மூன்றும் வெவ்வேறு நாட்டுத் தயாரிப்புகள். மூன்றும் 19-இல் வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். ஒரு தலைமுறைச் சிறு ஜெட்கள் சரியாக 50 இருக்கையோடு வந்ததும் இதனால்தான்.

அமெரிக்காவில் இன்னொரு வேலியும் உண்டு. பெரிய நிறுவனங்களின் விமானிகள் சங்கங்கள், தங்கள் வேலை வெளியே போகாமல் இருக்க, ஒப்பந்த விமானங்கள் 76 இருக்கைக்கும் 86,000 பவுண்டு எடைக்கும் மேல் போகக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கின்றன. எம்ப்ரேயர் நிறுவனம் புதிய எஞ்சினோடு வடிவமைத்த இ175-இ2 எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும். ஆனால் அந்த எடையைத் தாண்டிவிட்டது. விளைவு, பழைய எஞ்சின் உள்ள இ175 தான் அங்கே இன்னமும் வாங்கப்படுகிறது. சிஆர்ஜே 550 என்ற சிறு ஜெட்டின் கதை இதைவிட வேடிக்கை. எழுபது பேர் உட்காரும் உடலில் ஐம்பது இருக்கை மட்டும் போட்டுப் பறக்கிறார்கள். விமானத்தில் இடம் இருக்கிறது, ஒப்பந்தத்தில் இல்லை.

இதற்கெல்லாம் பிறகுதான் பயணிகள் கணக்கு. ஒரு வழித்தடத்தில் ஒரு திசையில் தினமும் 120 பேர் என்று வையுங்கள். 180 இருக்கை ஜெட் ஒரு முறை போகலாம், 70 இருக்கை விமானம் இரு முறை போகலாம், 48 இருக்கை விமானம் மூன்று முறை போகலாம். ஒரு இருக்கைக்கு ஆகும் செலவு பெரிய ஜெட்டில்தான் குறைவு. இருந்தும் பல இடங்களில் சின்னதே ஜெயிக்கிறது. காலையில் போய் வேலையை முடித்து மாலையில் திரும்ப நினைப்பவர்தான் அதிகம் கொடுக்கத் தயாரானவர். ஒரே ஒரு விமானம் மதியம் ஒன்றரைக்கு என்றால் அவருக்கு அதனால் பயனில்லை.

என் பார்வையில் இந்தத் தொழிலின் மிகப் பெரிய முடிவு இதுதான். இருக்கை எண்ணிக்கையில் தவறினால், பிறகு கட்டணத்தில் எத்தனை வித்தை காட்டினாலும் சரியாகாது. பிரிட்டனின் ஃப்ளைபி 2006-இல் 118 இருக்கை கொண்ட எம்ப்ரேயர் இ195-ஐ உலகிலேயே முதலில் வாங்கியது. தன் வழித்தடங்களுக்கு அவை பெரியவை என்று பின்னாளில் தெரிந்தபோது, குத்தகை முடியும்வரை எளிதில் கழற்றிவிட முடியவில்லை. 2020 மார்ச்சில் அந்த நிறுவனம் மூடியதற்கு இது மட்டும் காரணமல்ல, கொரோனா கடைசித் தள்ளு. ஆனால் காலி இருக்கைகளைச் சுமந்தபடி வருடக்கணக்கில் பறந்த உடம்பில் அந்தத் தள்ளைத் தாங்கத் தெம்பு இல்லை.

இன்னும் ஏன் விசிறி சுற்றும் விமானங்கள்? பழைய காலத்து ஆசாமிகளா?

விசிறி வெளியே தெரிவதால் பழசு என்று நினைத்துக்கொள்கிறோம். டர்போப்ராப் என்பதும் ஜெட் எஞ்சின் குடும்பம்தான், உள்ளே சுழலும் டர்பைன் வெளியே உள்ள விசிறியைச் சுற்றுகிறது. எழுபது இருக்கை டர்போப்ராப்பான ஏடிஆர் 72, மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கும், ஜெட் 800-ஐ ஒட்டி. 300 கிலோமீட்டர் பயணத்தில் ஜெட் முழு வேகத்தை எட்டி நிதானிப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். தரையில் ஊர்வதும் ஏறுவதும் வரிசையில் காத்து இறங்குவதும் இருவருக்கும் பொது. முடிவில் மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக எரிபொருளைக் கூடுதலாக எரிப்பது குறுந்தூரத்தில் கட்டுப்படியாகாது. ஏடிஆர் 72-க்கு ஓடுபாதையும் சுமார் 1,300 மீட்டர் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: வாங்கப் பொருள் இல்லை. பிரான்சும் இத்தாலியும் 1981-இல் சேர்ந்து தொடங்கிய ஏடிஆர், எழுபது இருக்கை டர்போப்ராப்பில் இன்று கிட்டத்தட்டத் தனிக்காட்டு ராஜா. அதைவிட வேகமான கனடாவின் டேஷ் 8-400 உற்பத்தி 2021 வாக்கில் நின்றது. சிஆர்ஜே ஜெட்டின் கடைசி விமானமும் அதே ஆண்டு கைமாறியது. ஜப்பானின் மிட்சுபிஷி பல ஆண்டு முயன்ற ஸ்பேஸ்ஜெட்டை 2023 பிப்ரவரியில் கைவிட்டது. முப்பது நாற்பது இருக்கைப் பிரிவில் நிலைமை இன்னும் மோசம். சாப் 340 தயாரிப்பு 1990-களின் இறுதியிலேயே முடிந்துவிட்டது.

இதன் வலி நார்வேயில் தெளிவாகத் தெரியும். கடற்கரையோரச் சிற்றூர்களில் 800 மீட்டர் அளவிலான ஓடுபாதைகள் பல. அவற்றில் இறங்கும் பழைய டேஷ் 8-100-க்குப் புதிதாக மாற்று கிடையாது. குட்டை ஓடுபாதைக்கென்று ஏடிஆர் ஒரு ரகத்தை அறிவித்து, 2024-இல் அந்தத் திட்டத்தையே ரத்து செய்துவிட்டது. இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டுவது, அல்லது ஓடுபாதையை நீட்டுவது. மலையும் கடலும் நெருக்கும் இடத்தில் இரண்டாவதைச் சொல்வது சுலபம்.

விமானம் சொந்தமா, வாடகையா?

சிறு நிறுவனங்களில் பெரும்பாலும் குத்தகை. மாத வாடகை ஒரு பக்கம். பராமரிப்பு வைப்பு இன்னொரு பக்கம்: எஞ்சின், சக்கரக் கால், உடல் ஒவ்வொன்றுக்கும் பறந்த மணிக்கு அல்லது இறங்கிய எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று உரிமையாளரிடம் கட்டிக்கொண்டே வர வேண்டும். புதியவர்கள் வாடகையை மட்டும் பார்த்துவிட்டு இதில் மாட்டிக்கொள்கிறார்கள். விமானத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அது எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தப் பக்கங்களைக் கையெழுத்துக்கு முன் படிக்காதவர் கடைசி மாதத்தில் படிப்பார்.

வாடகை பெரும்பாலும் டாலரில், டிக்கெட் வருமானம் உள்ளூர் நாணயத்தில். நாணயம் சரிந்தால், ஒரு பயணியும் குறையாமலேயே நட்டம் வரும். வாடகை கட்டாவிட்டால், 2001-இல் கேப்டவுனில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் உரிமையாளர் விமானத்தை மீட்டுக்கொண்டு போவது எளிது. இந்த உறுதி இருப்பதால்தான் சின்ன நிறுவனத்துக்கும் குத்தகை கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

அவசரத்துக்கு ஈரக் குத்தகை என்று ஒன்று உண்டு. விமானம், விமானிகள், பணியாளர்கள், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து மணிக் கணக்கில் வரும். விலை அதிகம். ஒரு சீசனைச் சமாளிக்கச் சரி, அதையே அடித்தளமாக வைத்து நிறுவனம் நடத்தினால் நிலைக்காது.

ஆறு விமானம் இருந்தால் ஆறும் பறக்குமா?

பறக்க வைத்தால் மூன்றாம் நாளே அட்டவணை கலைந்துவிடும். ஆறு இருந்தால் ஐந்துக்குத்தான் அட்டவணை போட வேண்டும். ஒன்று பெரிய சோதனைக்குப் போயிருக்கும், அல்லது ஒரு பாகத்துக்காகக் காத்து நிற்கும், அல்லது மற்றொன்று நின்றால் ஓடுவதற்குத் தயாராக இருக்கும். நூறு விமானம் உள்ள நிறுவனத்துக்கு மாற்று விமானம் சில சதவீதச் செலவு. ஆறு உள்ளவருக்கு அது ஆறில் ஒரு பங்கு. சிறியவர்கள் தடுக்கி விழும் முதல் கல் இது.

அதனால்தான் ஒரே ரகத்தில் நில்லுங்கள் என்று சொல்கிறார்கள். விமானிக்கு ஒவ்வொரு ரகத்துக்கும் தனித் தகுதிச் சான்று வேண்டும், ரகத்துக்கு ஒரு பாகக் கிடங்கு வேண்டும், மாற்று விமானமும் ரகத்துக்கு ஒன்று வேண்டும். ஏடிஆர் 42-க்கும் 72-க்கும் ஒரே தகுதிச் சான்று போதும். 48 இருக்கையும் 70 இருக்கையும் ஒரே விமானிக் கூட்டத்தால் ஓட்டப்படலாம். இப்படி அளவு மாறி ரகம் மாறாத குடும்பம் ஒரு சிறு நிறுவனத்துக்குப் பெரிய வரம்.

குறுந்தூரம் பறந்தால் விமானம் குறைவாகத்தானே தேயும்?

மணிக்கணக்கில் பார்த்தால் குறைவு. ஆனால் விமானத்தின் உடலுக்கு வயது ஏறுவது ஏறி இறங்கும் எண்ணிக்கையில். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்பட்டு உடல் உப்பும், இறங்கும்போது சுருங்கும்.

ஹவாய்த் தீவுகளுக்கு இடையே பறந்துகொண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்று 1988 ஏப்ரல் 28 அன்று நடுவானில் முன்பகுதிக் கூரையை இழந்தது. 1969-இல் தயாரான அந்த விமானம் பறந்த நேரம் 35,496 மணி. இது பெரிய எண் அல்ல. ஆனால் ஏறி இறங்கியது 89,680 முறை. சராசரியாகப் பயணம் ஒன்றுக்கு 24 நிமிடம். கடலோர உப்புக் காற்றும் சேர்ந்து தகடுகள் ஒட்டிய இடங்களில் விரிசல் பரவியிருந்தது. விமானிகள் எப்படியோ தரையிறக்கிவிட்டார்கள், பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். வயதான விமானங்களைச் சோதிக்கும் முறையே அதன்பின் உலகம் முழுக்க மாறியது.

விமானிகளுக்கும் இதே கணக்குத்தான். ஐரோப்பிய விதிப்படி பகலில் தொடங்கும் பணி, ஒன்றிரண்டு பயணம் என்றால் 13 மணி நேரம் வரை போகலாம். மூன்றாவது பயணத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் அரை மணி குறையும், பத்துப் பயணம் என்றால் 9 மணி நேரம்தான். ஒரே நாளில் எட்டுப் பயணம் ஓடும் விமானத்துக்குக் காலை ஒரு குழு, மாலை ஒரு குழு வேண்டும். காலையில் இருபது நிமிடம் தாமதமானால் மாலைவரை அது விமானத்தோடு சேர்ந்தே பயணிக்கும். நடுப்பகலில் நாற்பது நிமிடம் வேண்டுமென்றே சும்மா நிறுத்தி வைக்கும் நிறுவனத்தைச் சோம்பேறி என்று நினைக்காதீர்கள்.

புதிய வழித்தடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

டிக்கெட் விற்பனைத் தரவு கிடைக்கும், ஆனால் விமானமே இல்லாத ஊருக்கு அது எதையும் சொல்லாது. அங்கே கேட்க வேண்டியது: சாலையில் எத்தனை மணி நேரம்? யார் போகிறார்கள்? யார் பணம் கட்டுகிறார்கள்? எண்ணெய், சுரங்கம், கட்டுமானம், பெரிய மருத்துவமனை, பல்கலைக்கழகம் இருந்தால் பயணிக்கு வேறொருவர் டிக்கெட் எடுத்துத் தருகிறார் என்று பொருள். சுற்றுலா மட்டும் இருந்தால் நாலு மாதம் கூட்டம், எட்டு மாதம் காற்று.

இடையே கடலோ மலையோ இருந்தால் முடிவு எளிது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே இடையே 1967 முதல் லோகன்ஏர் பறக்கிறது. தூரம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு, அட்டவணை நேரம் இரண்டு நிமிடம். அதே ஸ்காட்லாந்தின் பாரா தீவில் விமானம் இறங்குவது கடற்கரை மணலில், அதனால் கால அட்டவணையை எழுதுவதே கடலின் ஏற்றவற்றம். நேபாளத்தின் லுக்லாவில் ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் சரிவு. இந்த இடங்களில் சாலை வந்து பயணியைப் பறித்துக்கொள்ளும் பயம் குறைவு.

நாலு மணி நேரச் சாலைப் பயணத்தோடு மோதுவதுதான் கடினம். நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, இறங்கி ஊருக்குள் போவது எல்லாம் சேர்த்தால் விமானத்துக்கும் மூன்றரை மணி ஆகிவிடும். ரயில் நன்றாக இருந்தால் இன்னும் கடினம். பிரான்ஸ் 2023-இல், ரயிலில் இரண்டரை மணிக்குள் போக முடிகிற சில உள்நாட்டு வழித்தடங்களைத் தடையே செய்துவிட்டது. பாரீஸ் ஓர்லியிலிருந்து லியோன், நான்ட், போர்டோ மூன்றும் அதில் போயின.

எங்கள் ஊரிலிருந்து முதல் விமானம் விடிகாலையிலேயே ஏன்?

முந்தின இரவு அது அங்கேயே தங்கியிருப்பதால். பெரிய நகரத்தில் தங்கி அங்கிருந்து கிளம்பினால் சின்ன ஊரை அடைய ஒன்பது மணி ஆகும், அந்த ஊர்க்காரர் பெரிய நகரத்தில் இறங்கப் பதினொன்று. காலைக் கூட்டத்துக்குப் போக முடியாது, காலை இணைப்பு விமானமும் தவறிப்போகலாம். இரவுத் தங்கலுக்கு விடுதி வாடகை, பழுது வந்தால் சரிசெய்ய ஒரு தொழில்நுட்பர், விமானத்துக்குக் காவல் எல்லாம் கூடுதல் செலவு. ஒரு நிறுவனம் உங்கள் ஊரில் விமானத்தை இரவு நிறுத்துகிறது என்றால், அந்த ஊரை உண்மையாகவே நம்புகிறது.

பெரிய விமான நிலையங்களில் சின்ன விமானங்கள் ஏன் குறைந்துகொண்டே வருகின்றன?

நெரிசலான நிலையங்களில் ஒவ்வொரு ஏறுதலுக்கும் இறங்குதலுக்கும் ஒதுக்கிய நேரம் உண்டு, ஸ்லாட் என்பார்கள். ஒரு சீசனில் அதில் 80 சதவீதமாவது பயன்படுத்தினால் அடுத்த ஆண்டும் உங்களுக்கே. அந்த நேரத்தில் 50 பேரை இறக்குவதா, 300 பேரை இறக்குவதா என்று பார்த்தால் விடை தெரிந்ததுதான். அதனால் சின்ன ஊரிலிருந்து வருபவர் தலைநகரின் இரண்டாம் நிலையத்தில் இறங்கி, டாக்ஸி பிடிக்கிறார்.

குறுந்தூரத்துக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு கட்டணம் ஏன்?

தூரத்தைப் பொறுத்து ஏறும் செலவு பறக்கும் நேரத்து எரிபொருளும் சில மணிக்கூலிகளும்தான். இறங்கு கட்டணம், தரைப் பணியாளர், பெட்டி ஏற்றி இறக்குவது, மேலேறும்போது எரியும் அதிக எரிபொருள், இறங்கி ஏறியதில் தேய்ந்த சக்கரம், இவை 300 கிலோமீட்டர் போனாலும் வரும், 1,500 போனாலும் வரும். நீண்ட பயணத்தில் அவை கரைந்துவிடும். குட்டைப் பயணத்தில் கரைய இடமில்லை.

ஒரு கணக்கு போடலாம், எண்கள் புரிதலுக்காக மட்டும். எழுபது இருக்கை விமானம் ஒரு முறை போகும் செலவு 1,40,000, நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். நிரம்பினால் ஆளுக்கு 2,000. நாற்பத்தொன்பது பேர் வந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 2,860. முப்பத்தைந்து பேர் என்றால் 4,000. விமானம் ஒன்றுதான், விமானிகள் அதே இருவர். இதன்மேல் நிலையக் கட்டணமும் வரியும் ஆளுக்கு ஒரு தொகை. நீண்ட பயணத்து டிக்கெட்டில் கண்ணுக்குத் தெரியாத அந்தத் தொகை, இங்கே டிக்கெட்டில் கால்வாசியாகக்கூட ஆகிவிடும்.

பக்கத்து இருக்கைக்காரர் பாதி விலைக்கு வாங்கியிருக்கிறாரே, எப்படி?

எழுபது இருக்கையும் ஒரே பொருள் போலத் தெரிந்தாலும் விற்பனையில் அவை பத்துப் பதினைந்து விலைப் படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொன்றிலும் இத்தனை டிக்கெட் என்று வரம்பு. கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் அடுத்தது.

எத்தனை இருக்கையை மலிவாக விற்கலாம் என்பதற்கு அடிப்படைச் சூத்திரத்தை 1972-இல் சொன்னவர் பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனத்தில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட். எளிமையானது. முன்கூட்டி வாங்குபவர் 2,000 தருகிறார், கடைசியில் வருபவர் 5,000 தருவார். இரண்டாயிரம் என்பது ஐயாயிரத்தில் 40 சதவீதம். ஆக ஓர் இருக்கை 5,000-க்கு விலைபோக 40 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால், இன்று 2,000 நீட்டுபவரைத் திருப்பி அனுப்பிவிடலாம். கடைசியில் வருபவர்கள் 18 பேராவது இருப்பது 42 சதவீத நாள்களில், 19 பேராவது இருப்பது 36 சதவீத நாள்களில் என்று பழைய பதிவேடு சொன்னால், 18 இருக்கையை ஒதுக்கி வைத்து மீதி 52-ஐ மலிவாக விற்கலாம். இன்று கணினி செய்வது இதன் விரிவுதான், படிகள் மட்டும் கூடியிருக்கின்றன.

இதன் வலிமையை உலகம் பார்த்தது 1985-இல். நியூவார்க்கிலிருந்து அடிமட்ட விலையில் பறந்த பீப்பிள் எக்ஸ்பிரஸுக்கு நிகரான விலையை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அறிவித்தது, ஆனால் காலியாகப் போகும் என்று கணக்கிட்ட இருக்கைகளுக்கு மட்டும். அதிகம் தருபவர்களுக்கு வைத்த இருக்கைகளைத் தொடவில்லை. மறு ஆண்டே பீப்பிள் எக்ஸ்பிரஸ் விற்கப்பட்டது.

சிறு விமானத்தில் இந்தச் சூத்திரம் அடிக்கடி தடுமாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். முந்நூறு இருக்கையில் பத்துப் பேர் கொண்ட கல்யாணக் கூட்டம் ஒரு பொருட்டல்ல. நாற்பத்தெட்டு இருக்கையில் அது ஐந்தில் ஒரு பங்கு, அன்றைய கணிப்பே குலைந்துவிடும். எனவே நல்ல பிராந்திய நிறுவனங்களில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். எந்த ஊரில் திருவிழா, எந்தச் சுரங்கத்தில் பணிக்குழு மாறும் நாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடைசி நேரத்தில் விலை இறங்குமா? திரும்பத் திரும்பத் தேடினால் ஏறுமா?

இறங்கும் என்று காத்திருக்காதீர்கள். கடைசி இரண்டு நாளில் வருபவர் போயே தீர வேண்டியவர் என்று நிறுவனத்துக்குத் தெரியும். ஒரு முறை இறக்கினால், அடுத்த மாதம் முதல் அவரும் காத்திருக்கப் பழகிவிடுவார்.

தேடியதால் ஏறிவிட்டது என்று தோன்றுவது பெரும்பாலும் கீழ்ப்படி டிக்கெட் தீர்ந்துபோனதால். ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். மூன்று பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவுப் படியில் இரண்டுதான் மிச்சம் என்றால், பல தளங்கள் மூவருக்குமே மேல்படி விலையைக் காட்டும். ஒருவருக்கு, இருவருக்கு என்று பிரித்துத் தேடினால் சில சமயம் மிச்சமாகும்.

ஏறிய பிறகு என் பெட்டியை விட்டுவிட்டு வந்துவிட்டார்களே?

எடை. வெயில் ஏற ஏறவும் நிலையம் உயரத்தில் இருக்க இருக்கவும் காற்று மெலியும், எஞ்சினும் இறக்கையும் தளரும், குட்டை ஓடுபாதையில் அதே சுமையோடு எழும்ப முடியாது. பயணியை விடுவதைவிடப் பெட்டியை விடுவது மேல் என்று முடிவெடுக்கிறார்கள். அடுத்த விமானத்தில் வரும். மலை நிலையங்களில் பல இருக்கைகளை விற்காமலேயே விடுவதும் இதனால்தான். அந்தச் செலவும் விற்ற இருக்கைகளின் மேல்தான் ஏறும்.

ஒரே டிக்கெட்டில் பெரிய விமானமும் சின்ன விமானமும் மாறிப் போகிறேன். சின்னவருக்கு எவ்வளவு கிடைக்கும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. முழுக் கட்டணத்தை இரு நிறுவனங்களும் ஒப்பந்தப்படி பங்கிட்டுக்கொள்ளும். தூரத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் 300 கிலோமீட்டர் பறந்தவருக்குச் சில்லறைதான் மிஞ்சும் என்பதால் குறுந்தூரத்துக்குச் சற்றுக் கூடுதல் எடை கொடுப்பது வழக்கம். அப்படியும் நேரடியாக ஓர் உள்ளூர்ப் பயணிக்கு விற்றால் வருவதைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால் கூட்டமான நாள்களில் இணைப்புப் பயணிக்கு இருக்கை மறுக்கப்படும். மழைக்காலச் செவ்வாய்க்கிழமையில் அவரே தெய்வம்.

அரசு ஏன் பணம் தர வேண்டும்?

அமெரிக்காவில் 1978-இல் விமானத்துறைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது, சிற்றூர்களை எல்லோரும் கைவிட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் அத்தியாவசிய விமானச் சேவைத் திட்டம் உடன்வந்தது. இன்றும் நடக்கிறது. ஐரோப்பாவில் பொதுச் சேவைக் கடமை என்ற ஏற்பாடு: வாரத்துக்கு இத்தனை முறை, கட்டணம் இதற்கு மேல் கூடாது என்று நிபந்தனை விதித்து ஏலம் விடுவார்கள். வென்றவருக்குப் பொதுவாக நான்கு ஆண்டுவரை தனியுரிமை. இந்தியாவின் உடான் திட்டத்தில் 2017 ஏப்ரலில் முதல் விமானம் சிம்லாவுக்கும் டெல்லிக்கும் இடையே பறந்தது. அங்கே மூன்று ஆண்டு உதவித்தொகை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை, ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 371 தொடங்கின, 112 மூன்று ஆண்டை நிறைவு செய்தன, அதற்குப் பின்னும் நீடித்தவை 54 என்றது.

இந்த எண்களைத் திட்டத்தின் தோல்வி என்று மட்டும் படிப்பது அவசரம். விமானம் கிடைக்காமல், நிலையம் தயாராகாமல் தொடங்காதவை பல. ஆனால் மூன்று ஆண்டு உதவி நின்றதும் சொந்தக் காலில் நிற்கும் என்ற எதிர்பார்ப்பே பல ஊர்களுக்குப் பொருந்தாது. நார்வேயில் யாரும் அப்படி எதிர்பார்ப்பதில்லை. சாலைக்குச் செலவழிப்பது போல அதை நிரந்தரச் செலவாக வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு வழி, பயணிக்கே தருவது. ஸ்பெயினில் கேனரி, பலேரிக் தீவுவாசிகளுக்குப் பெருநிலத்துப் பயணத்தில் 2018 முதல் 75 சதவீதத் தள்ளுபடி, அரசு செலவில். பயணிக்கு இனிப்பு. ஆனால் நூறில் இருபத்தைந்தே கொடுப்பவர் விலை ஏறினால் முணுமுணுப்பதும் கால்வாசிதான், அதனால் முழு விலை மேலே போக வழி உண்டு. தள்ளுபடி இல்லாத வெளியூர்க்காரர் அதைச் சுமப்பார். எனக்கு ஏலமுறைதான் மேலாகப் படுகிறது.

ஒரு வழித்தடத்தை எப்போது நிறுத்துவார்கள்? முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியுமா?

நட்டம் வந்தவுடன் நிறுத்துவதில்லை. எரிபொருள், இறங்கு கட்டணம், தரைப் பணி ஆகிய அந்தப் பயணத்துக்கே உரிய செலவைக்கூட டிக்கெட் பணம் ஈடுகட்டாவிட்டால் உடனே நிறுத்துவார்கள். அவற்றை ஈடுகட்டி, விமான வாடகையில் ஒரு பகுதியையாவது தந்தால் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் நிறுத்தினாலும் வாடகை கட்டியாக வேண்டும். அந்த விமானத்துக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்த அன்று உங்கள் ஊர் போகும். உங்கள் விமானம் நிரம்பியே போனாலும் இது நடக்கலாம்.

அறிகுறிகள் உண்டு. தினசரி என்பது வாரம் நான்காகும். காலை நேரம் மதியத்துக்கு நகரும். இரவுத் தங்கல் நிற்கும். உலக விமான அட்டவணை மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் சீசன் மாறுகிறது, அந்தத் தேதிக்குப் பிறகு மற்ற ஊர்களுக்கெல்லாம் டிக்கெட் கிடைத்து உங்கள் ஊருக்கு மட்டும் கிடைக்காவிட்டால், திரும்பி வரும் பயணத்தை அதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.